கேட்காமல் கொடுக்கும் நாற்காலி

போச்சம்பள்ளி சிப்காட்டிலோ ஓசூர் சிப்காட்டிலோ ஆள் எடுக்கிறார்கள் என்று தெரிந்தால் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சிங்காரப்பேட்டைப் பையன் இருட்டோடு எழுந்து பஸ் பிடிக்கிறான். கையில் பிளாஸ்டிக் ஃபைல். அதற்குள் பத்தாவது மார்க் ஷீட், ஐடிஐ சான்றிதழ், ஆதார் நகல், இரண்டு போட்டோ. உள்ளே கூப்பிட்டு ஒரு வெர்னியர் காலிப்பரைக் கையில் கொடுக்கிறார்கள். இந்தத் துண்டின் விட்டம் என்ன, படித்துச் சொல் என்கிறார்கள். ஒரு கோட்டைத் தப்பாகப் படித்தால் அடுத்த ஆளைக் கூப்பிடுகிறார்கள். முன்னே எங்கே வேலை பார்த்தாய், ஏன் விட்டாய், நைட் ஷிப்ட் வருவாயா, நிறம் பிரித்துப் பார்க்கக் கண் சரியாக இருக்கிறதா? இத்தனையும் எப்போது வேண்டுமானாலும் நிறுத்திவிடக்கூடிய ஒரு காண்ட்ராக்ட் வேலைக்கு.

அந்தப் பையனிடம் இன்னொரு வேலைக்கு ஆள் எடுக்கும் அதிகாரம் இருக்கிறது. அவன் தெருக் குழாயில் தண்ணீர் விடுகிற, தெருவிளக்கு எரியவைக்கிற, சாக்கடை தூர்வாரச் சொல்கிற, ஊர்ப் பணத்துக்குக் கையெழுத்துப் போடுகிற ஊராட்சித் தலைவர் வேலை அது. ஐந்து ஆண்டு வேலை. பிடிக்கவில்லை என்று இடையில் அவனால் நிறுத்த முடியாது. அந்த வேலைக்கு வருகிறவரிடம் அவன் ஒரு கேள்வியும் கேட்பதில்லை. அவன் அப்பாவும் கேட்டதில்லை. யார் வீட்டு ஆள், நம்மாளா, தலைக்கு எவ்வளவு தருவார் என்று ஊருக்குள் விசாரிப்பதுண்டு. அது வேட்பாளரைப் பற்றிய விசாரணை. வேட்பாளரை எதிரே உட்காரவைத்து முகம் பார்த்துக் கேட்பது வேறு. அதை நாம் செய்வதே இல்லை.

அப்படிச் செய்யாமல் ஓட்டுப் போடுவது ஒழுக்கக் கேடு என்று நான் சொல்கிறேன். ஓட்டுக்குப் பணம் வாங்குவது கேடு என்று எல்லோரும் ஒப்புக்கொள்கிறார்கள். பணம் வாங்காமல், எதுவும் கேட்காமல், உறவுக்காகப் போடுகிற ஓட்டும் அதே அளவு கேடுதான். அந்த ஓட்டின் விளைவு போட்டவரோடு நிற்பதில்லை. பக்கத்துத் தெருக் குழந்தை குடிக்கிற தண்ணீர் வரைக்கும் போகிறது.

இதை இப்போது ஏன் பேசுகிறேன்? கிருஷ்ணகிரி உள்ளிட்ட 27 மாவட்டங்களில் 2019 டிசம்பரில் ஊரக உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. அதில் வென்றவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு முடிந்தது. காலம் முடிவதற்குள் அடுத்த தேர்தலை நடத்தி முடிக்க வேண்டும் என்று அரசியலமைப்பின் 243இ பிரிவு சொல்கிறது. அந்தத் தேதிக்குள் தேர்தல் வரவில்லை. தனி அலுவலர்கள் வந்தார்கள். சிங்காரப்பேட்டை இருக்கும் ஊத்தங்கரை ஒன்றியத்து ஊர்களிலும் தலைவர் நாற்காலி காலியானது. தேர்தலைத் தள்ளிவைத்த அரசைக் கண்டிக்க வேண்டும், கண்டிக்கிறேன். ஆனால் ஒன்றை யோசித்துப் பாருங்கள். தலைவர் போய் அதிகாரி வந்தது எத்தனை ஊர்களில் ஒரு பேச்சாகக்கூட எழவில்லை? நாற்காலியில் இருந்தவரை நாம் எதுவும் கேட்டிருந்தால்தானே அது காலியானது நமக்கு உறைக்கும்!

கேட்காமல் இருப்பதற்கு நம் ஊர்கள் சில ஏற்பாடுகளை வைத்திருக்கின்றன. அதில் வெளிப்படையானது ஏலம். 2019-இல் கடலூர் மாவட்டத்து ஊர் ஒன்றில் தலைவர் பதவி 50 இலட்சத்துக்கு ஏலம் போனதாகச் செய்தி வந்து நாடு முழுவதும் பேசினார்கள். இது தமிழ்நாட்டு நோய் மட்டுமல்ல. மகாராட்டிரத்தில் நாசிக் மாவட்டத்து உம்ராணே ஊரில் 2 கோடியைத் தாண்டி ஏலம் போனது. 2021 ஜனவரியில் அந்த மாநிலத் தேர்தல் ஆணையம் அந்த ஊர்த் தேர்தலையே ரத்து செய்தது.

ஏலம் விடுகிறவர்களிடம் பேசினால் வெட்கப்பட மாட்டார்கள். அவர்கள் சொல்லும் நியாயத்தை முழுதாகக் கேட்டுவிடுவோம். தேர்தல் என்றால் ஊர் இரண்டுபடும், வெட்டுக்குத்து வரும். வேட்பாளர்கள் வீடு வீடாகக் கொட்டும் பணம் சாராயக் கடைக்குப் போகும். ஏலப் பணமோ கோயில் திருப்பணிக்குப் போகிறது, ஊருக்கே பொது. இதில் யாருக்கு என்ன நட்டம் என்கிறார்கள்.

நட்டம் யாருக்கு என்று நான் சொல்கிறேன். ஏலத்தில் கை தூக்க முடியாதவருக்கு. சொந்த நிலம் இல்லாதவர், சேரியில் இருப்பவர், தனியாக வாழும் பெண் ஆகியோர் கோயில் வாசலில் நடக்கும் அந்தக் கூட்டத்தில் வாய்கூடத் திறக்க முடியாது. அவர்களுடைய ஓட்டையும் சேர்த்துத்தான் விற்கிறார்கள். தனக்குச் சொந்தமில்லாத பொருளை விற்று வந்த பணத்தில் கோபுரத்துக்கு வண்ணம் அடித்தால் அது புண்ணியம் ஆகுமா? பக்தர்களே பதில் சொல்லட்டும். இன்னொன்றும் இருக்கிறது. 50 இலட்சம் கொடுத்தவர் மகா யோக்கியராகவே இருக்கட்டும், ஒரு ரூபாயையும் திரும்ப எடுக்காதவராக இருக்கட்டும். அவரிடம் போய், போன மாதம் மோட்டார் ரிப்பேருக்கு ஏன் இவ்வளவு செலவு என்று கேட்க இனி எவருக்கு வாய் வரும்? கேள்வி கேட்கும் உரிமையையும் சேர்த்துத்தான் அவர் வாங்கியிருக்கிறார்.

இரண்டாவது ஏற்பாடு சத்தியம். சூடத்தைக் கொளுத்தி அடித்து அணைக்கச் சொல்கிறார்கள். பால் மேல், பிள்ளைகள் தலை மேல் கை வைக்கச் சொல்கிறார்கள். வேட்பாளர், ஊர்ப் பணத்தில் கை வைக்க மாட்டேன் என்று சத்தியம் செய்கிறார். வாக்காளர், காசு வாங்கியதற்கு உனக்கே போடுகிறேன் என்று சத்தியம் செய்கிறார். இரண்டு பேரும் பயப்படுவது சாமிக்கு. பில்லையும் வவுச்சரையும் எடுத்துக் காட்டு என்று சாமி இதுவரை எந்த ஊரிலும் கேட்டதில்லை. கேட்க வேண்டியவர் மனிதர். அந்த வேலையைக் கடவுளிடம் ஒப்படைத்துவிட்டு வீட்டுக்குப் போவதைப் பக்தி என்று சொல்லாதீர்கள். அது சோம்பல். அதற்குள் கோழைத்தனமும் இருக்கிறது.

மூன்றாவது ஏற்பாடு சாதி. இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும். மதுரை மாவட்டத்துப் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், விருதுநகர் மாவட்டத்துக் கொட்டக்கச்சியேந்தல் ஆகிய ஊராட்சிகளின் தலைவர் பதவி 1996-இல் பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டது. பத்து ஆண்டுகள் அந்த நாற்காலிகள் நிரம்பவில்லை. மனுத் தாக்கல் செய்ய ஆளில்லை. மீறி வருகிறவருக்கு மிரட்டல். பிறகு ஆதிக்க சாதியினரே ஓர் ஆளைப் பிடித்து நிறுத்தினார்கள், ஜெயிக்கவும் வைத்தார்கள். அவர் பதவி ஏற்ற சூட்டிலேயே ராஜினாமாக் கடிதம் கொடுத்தார். திரும்பவும் தேர்தல், திரும்பவும் ராஜினாமா. அந்த ஊர்களில் நேர்காணல் நடக்கவில்லை என்று சொல்லிவிட முடியாது. நடந்திருக்கிறது. அதில் கேள்வி ஒன்றுதான்: ஜெயித்ததும் ராஜினாமா செய்வாயா? 2006 அக்டோபரில், உதயசந்திரன் மதுரை ஆட்சியராக இருந்தபோதுதான் அந்த மூன்று மதுரை ஊர்களிலும் தேர்தல் ஒழுங்காக நடந்தது. அதற்கு முன்னால், மேலூர் பக்கத்து மேலவளவில் ராஜினாமா செய்யாமல் ஊராட்சித் தலைவர் பதவியில் இருந்த முருகேசனை 1997 ஜூன் 30 அன்று பஸ்ஸிலிருந்து இறக்கி வெட்டிக் கொன்றார்கள். அவரோடு இன்னும் ஐந்து பேர் செத்தார்கள்.

நம் பக்கம் அந்த அளவுக்கு இல்லையே என்று யாரும் ஆறுதல் அடைய வேண்டாம். தனித்தொகுதி ஊராட்சியில் யாரை நிறுத்தலாம் என்று மற்ற தெருக்காரர்கள் கூடிப் பேசுகிற ஊர்கள் எங்கும் உண்டு. சொன்ன பேச்சைக் கேட்பானா என்பதுதான் அங்கே பார்க்கப்படும் தகுதி. அந்த ஊர்கள் பாப்பாபட்டியின் மிச்சத்தைச் சுமக்கின்றன.

கேள்வி கேட்டு ஆள் எடுக்கும் ஊர்களும் உலகில் உண்டு. அமெரிக்காவின் பல சிறு நகரங்களில் நகர ஆணைய உறுப்பினர் ஒருவர் பாதியில் விலகினாலோ இறந்தாலோ மீதி உறுப்பினர்கள் விண்ணப்பம் கேட்கிறார்கள். வந்தவர்களை ஊரார் பார்க்கத் திறந்த கூட்டத்தில் உட்காரவைத்துக் கேள்வி கேட்கிறார்கள். உனக்கு இந்த நகரத்தின் பட்ஜெட் தெரியுமா, நகரத்தோடு உனக்கு ஏதாவது காண்ட்ராக்ட் இருக்கிறதா, ஏன் இந்த இடம் வேண்டும்? பிறகு அங்கேயே ஓட்டெடுத்து ஒருவரை நியமிக்கிறார்கள். இந்த முறையில் ஒரு குறை: தேர்ந்தெடுக்கிறவர்கள் மக்கள் இல்லை. நம் நாட்டில் இடைத்தேர்தல் வைக்கிறோம்; உரிமை என்று பார்த்தால் நம் முறை உயர்ந்தது. அவர்களிடம் கேள்வி இருக்கிறது, நம்மிடம் ஓட்டு இருக்கிறது. இரண்டையும் சேர்ப்பதற்கு என்ன தடை?

தமிழ்நாட்டிலும் விண்ணப்பம் வாங்கி உள்ளாட்சி இடம் தரும் வழி ஒன்று 2025-இல் வந்தது. எல்லா உள்ளாட்சிகளிலும் மாற்றுத்திறனாளிகளை உறுப்பினராக நியமிக்கச் சட்டம் திருத்தப்பட்டது. மனதார வரவேற்க வேண்டிய சட்டம். ஆனால் அந்த நியமன உறுப்பினருக்கு மன்றக் கூட்டத்தில் ஓட்டுரிமை தரவில்லை. விண்ணப்பம் எழுதி, சான்றிதழ் காட்டி, தேர்வு செய்யப்பட்டு உள்ளே வருகிறவருக்கு ஓட்டு இல்லை. யாரும் எதுவும் கேட்காமல் உள்ளே வந்தவருக்கு ஓட்டு உண்டு. இது சரியா?

கேள்வி என்றதும் படிப்பைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்கள் உண்டு. பட்டதாரிதான் நிற்கலாம் என்று ஆக்கிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்பார்கள். அதையும் செய்து பார்த்தாயிற்று. அரியானா மாநிலம் 2015-இல் பொதுப் பிரிவு ஆண்களுக்குப் பத்தாம் வகுப்பும், பெண்களுக்கும் பட்டியல் சாதியினருக்கும் அதற்குக் குறைவான படிப்பும், வீட்டில் கழிப்பறையும் தகுதி என்று சட்டம் போட்டது. அந்த ஆண்டு டிசம்பரில் உச்ச நீதிமன்றமும் அதை ஏற்றது. விளைவு என்ன? பள்ளிக்கூடம் பக்கமே விடப்படாத தலைமுறையை, பள்ளிக்கூடம் போகவில்லை என்று சொல்லியே வெளியே தள்ளினார்கள். நம் கிருஷ்ணகிரி மாவட்டத்துத் தொரப்பள்ளியில் பிறந்த இராஜாஜி சேலத்திலும் பெரியார் ஈரோட்டிலும் நகராட்சித் தலைவர்களாக இருந்த காலத்தில் வரி கட்டும் சிலருக்குத்தான் ஓட்டு. அந்த வேலியை உடைத்துத்தான் எல்லோரும் உள்ளே வந்தோம். அதைப் புதுப் பெயரில் திரும்ப நடக் கூடாது. நான் கேட்பது சான்றிதழ் இல்லை, பதில். குடத்தோடு குழாயடியில் நிற்கிற பெண்ணுக்கு எந்தெந்த நாள் தண்ணீர் வரவில்லை என்று தெரியும். பொறியியல் பட்டம் பெற்றவருக்கு அது தெரியாமல் இருக்கலாம்.

மேடைக்கு மேடை உத்திரமேரூர்க் குடவோலையைப் பேசுகிறோம். பராந்தக சோழன் காலத்தில், 919, 921 ஆகிய ஆண்டுகளில் வெட்டிய கல்வெட்டுகள் அதைச் சொல்கின்றன. கால் வேலி நிலம், சொந்த மனையில் வீடு, வேதப் படிப்பு எல்லாம் தகுதிகள். அது பிராமணர் சபை. நம்மில் பெரும்பாலோர் அந்தக் குடத்துக்குப் பக்கத்தில்கூட நின்றிருக்க முடியாது. அதைக் கொண்டாட எனக்கு மனம் வராது. ஆனால் அதில் ஒரு வரியை மட்டும் பெயர்த்தெடுத்து ஒவ்வோர் ஊராட்சி அலுவலகச் சுவரிலும் எழுதலாம்: முன்பு பொறுப்பில் இருந்து கணக்குக் காட்டாதவனும் அவன் உறவினரும் நிற்கக் கூடாது. ஆயிரம் ஆண்டுக்கு முன்னால் நிலக்காரர்களுக்குத் தோன்றிய இந்த எச்சரிக்கை, எல்லோருக்கும் ஓட்டு வந்த பிறகு நமக்குத் தோன்றாமல் போனது எப்படி?

சிங்காரப்பேட்டையில் அடுத்த தேர்தலுக்கு மனுத் தாக்கல் முடிந்ததும் ஒரு மாலை போதும். ஒரு பொது இடம், ஒரு மைக். நிற்கிறவர்கள் எல்லோரும் ஒரே வரிசையில் உட்காரட்டும். ஊராட்சித் தலைவர், வார்டு உறுப்பினர் தேர்தல்களில் கட்சிச் சின்னம் இல்லை என்பதால் கட்சி மேலிடத்தைக் கேட்டுச் சொல்கிறேன் என்று யாரும் நழுவ முடியாது. கேட்பதற்கு இருப்பவை சாதாரண விஷயங்கள். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் நம் மேல்நிலைத் தொட்டிக்கு வாரத்தில் எத்தனை நாள் ஏறுகிறது? ஏறாத நாளில் விடும் போர் தண்ணீரில் ஃபுளோரைடு எவ்வளவு? குடிநீரில் லிட்டருக்கு ஒன்றரை மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது என்பது விதி. நம் மாவட்டத்தில் பிள்ளைகளின் பல்லில் படிகிற பழுப்புக்குக் காரணம் அதுதான். கடைசியாக அந்தத் தண்ணீரைச் சோதித்தது எப்போது? வீட்டு வரியாக ஊராட்சிக்கு எவ்வளவு வர வேண்டும், எவ்வளவு வந்தது? உங்கள் வீட்டு வரி பாக்கி எவ்வளவு? காலனிச் சுடுகாட்டுக்குப் பாதை இருக்கிறதா? ஊராட்சி வேலை எடுத்த காண்ட்ராக்டர்களில் உங்கள் மச்சான், பங்காளி யாராவது உண்டா? கிராமசபை ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது. போன ஐந்து ஆண்டில் நீங்கள் எத்தனை முறை வந்து உட்கார்ந்தீர்கள்?

தெரியாது என்று ஒருவர் சொன்னால் அதனாலேயே அவரை ஒதுக்க வேண்டியதில்லை. தெரியாது, ஒரு வாரத்தில் விசாரித்துச் சொல்கிறேன் என்கிறவர் நல்ல வேட்பாளர். அதெல்லாம் உனக்கு எதுக்கு, நீயெல்லாம் கேக்கறியா என்கிறவரை அங்கேயே கழித்துவிடலாம். கேட்டவரின் வீட்டுக் குழாயை நாளைக்கு அடைத்துவிடுவார்களே என்ற பயம் நியாயமானது. அதனால்தான் ஒருவர் கேட்கக் கூடாது. கம்பெனி பஸ்ஸில் சேர்ந்து போகிற பையன்கள் சேர்ந்து கேட்க வேண்டும். மகளிர் குழுப் பெண்கள் சேர்ந்து கேட்க வேண்டும். காலிப்பரைச் சரியாகப் படிக்கத் தெரிந்தவனுக்கு ஊர்க் கணக்கைப் படிக்கத் தெரியாதா?

கடைசியாக, தமிழ்நாட்டு உள்ளாட்சி இடங்களில் பாதி பெண்களுக்கு. அந்த மாலைக் கூட்டத்தில் பெண் வேட்பாளர் நாற்காலியில் உட்கார்ந்திருக்க, பக்கத்தில் நிற்கும் கணவர் மைக்கை வாங்கி, அவங்க சார்பா நான் சொல்றேன் என்று ஆரம்பிப்பார். ஆரம்பித்த இடத்திலேயே நிறுத்துங்கள். அண்ணா, நீங்க கீழே வந்து உட்காருங்க, ஓட்டுச் சீட்டுல அக்கா பேருதான் இருக்கு, நாங்க அக்காவைத்தான் கேட்டோம் என்று சொல்லுங்கள். அந்தம்மா முதலில் தயங்குவார். காத்திருங்கள். ஐந்து ஆண்டுக்குக் கையெழுத்துப் போடப் போகிறவர் அவர். ஐந்து நிமிடம் அவருக்குக் கொடுங்கள்.