ஆச்சிகிட்ட பொய் சொல்லலாமா?

 

போன வாரம் நம்ம குரூப்ல வாய்மை பற்றி ஒரு விவாதம் ஓடிச்சு. "என்ன ஆனாலும் பொய் கூடாது, அவன் பார்த்துட்டுதான் இருக்கான்" என்று நிறைய பேர் எழுதியிருந்தீங்க. படிக்க நல்லாத்தான் இருந்தது. ஆனா எங்க வீட்டுல தினமும் சாயங்காலம் ஒரு கேள்வி வருது. அதுக்கு எது சரியான பதில்னு அம்மாவும் அப்பாவும் நானும் ஆளுக்கு ஒண்ணு சொல்றோம்.

ஆச்சிக்கு 81 வயசு. அல்சைமர் என்று டாக்டர் சொல்லி மூணு வருஷம் ஆச்சு. பொழுது சாயுற நேரத்துல வாசலைப் பார்த்துட்டு, "எம்மா, ஒங்க மாமா கடையைச் சாத்திட்டு வந்தாச்சா?" என்று அம்மாகிட்ட கேட்பாங்க. தாத்தா 2011-லேயே இறந்துட்டாங்க.

அப்பா கட்சி உண்மை. "அப்பா போய்ச் சேர்ந்து எவ்வளவோ வருஷம் ஆச்சேம்மா" என்று சொல்லிடுவார். ஆச்சிக்கு அது அப்பத்தான் கேள்விப்படுற சாவு. ஒவ்வொரு தடவையும் புதுசா ஒப்பாரி. அம்மாவோ விளக்கேத்துற நேரத்துல பொய் சொல்ல மனசு வராம, பதிலே சொல்லாம அடுப்படிக்குப் போயிடுவாங்க.

இந்த நோய் எப்படி வேலை செய்யுதுன்னு கொஞ்சம் தெரிஞ்சா இந்தக் கேள்வி வேற மாதிரி தெரியும். அல்சைமர் சீக்கிரமே தாக்குற இடங்கள்ல ஒண்ணு, மூளைல ஹிப்போகேம்பஸ் என்கிற பகுதி. புது நினைவைப் பதிய வைக்கிறது அதுதான். எங்க வேலை பாஷைல சொன்னா ரீட் ஓரளவு ஆகுது, ரைட் ஆகல. (ஆபீஸ்ல இப்படிச் சொன்னா சிரிப்பாங்க, ஆனா எனக்குப் புரிஞ்சது இப்படித்தான்.) அதனால ஆச்சி பொய்யும் சொல்லல, அடமும் பிடிக்கல. அவங்க இருக்கிற வருஷத்துல தாத்தா உயிரோடதான் இருக்காங்க.

என்னை ரொம்ப யோசிக்க வச்சது, அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்துல நடந்து 2014-ல் வெளியான ஒரு ஆய்வு. அல்சைமர் உள்ளவங்களுக்குச் சோகமான படத் துண்டுகளும் சந்தோஷமான படத் துண்டுகளும் போட்டுக் காட்டினாங்க. கொஞ்ச நேரத்துல படத்துல என்ன பார்த்தோம்ங்கிறதே பலருக்கு நினைவில்லை. ஆனா அந்த உணர்ச்சி மட்டும் போகவே இல்லை. அதுலயும் யாருக்குப் படம் அதிகமா மறந்துச்சோ, அவங்களுக்குச் சோகம் கூடுதல் நேரம் நின்னுச்சு.

அப்போ அப்பா சொல்ற உண்மை ஆச்சிகிட்ட உண்மையா தங்கல. தாத்தா இறந்த செய்தி பத்து நிமிஷத்துல போயிடுது. ஏன் அழுறோம்னு தெரியாத அழுகை மட்டும் ராத்திரி வரைக்கும் மிஞ்சுது. கேட்கிறவங்ககிட்ட போய்ச் சேராத ஒண்ணைச் சொல்லிட்டு "நான் வாய்மை தவறல" என்று நிம்மதியா இருக்கிறது யாருக்காக? எனக்கு அது வாய்மையா தெரியல.

அதுக்காக எதை வேணும்னாலும் சொல்லலாமா? வள்ளுவர் வாய்மை அதிகாரத்துல பொய்க்குக் கொஞ்சம் இடம் கொடுத்திருக்கார்னு எல்லாருக்கும் தெரியும். அதுல ஒரு நிபந்தனையும் இருக்கு: அதனால வர்ற நன்மையில குற்றம் இருக்கக் கூடாது. இதை நாம சௌகரியமா மறந்துடுறோம். "கோயிலுக்குப் போறோம் ஆச்சி" என்று சொல்லி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறதும், இட்லிக்குள்ள மாத்திரையை மறைச்சுக் கொடுக்கிறதும் பல வீட்டுல நடக்குது. அதுல நன்மை யாருக்கு? பாதி நேரம் நம்ம அவசரத்துக்குத்தான். அடுத்த தடவை நிஜமாவே கோயிலுக்குக் கூப்பிட்டாலும் காரணம் தெரியாத ஒரு பயம் வந்துடும். உணர்ச்சிதான் தங்குதே.

இந்த வருஷம் நானும் அம்மாவும் பராமரிக்கிறவங்களுக்கான ஒரு நாள் பயிற்சிக்குப் போனோம். பாசம் இருந்தா போதும், பயிற்சி எதுக்குன்னு அப்பா கேட்டார். பாசம் இருக்கிறதாலதான் திருத்திக்கிட்டே இருக்கோம். அங்கே சொல்லிக் கொடுத்தது உண்மை, பொய் ரெண்டிலும் சேராத ஒரு வழி. கேள்வியை விட்டுட்டு அதுக்குள்ள இருக்கிற உணர்ச்சிக்குப் பதில் சொல்லணுமாம். இப்போ அம்மா, "மாமாவைத் தேடுதா அத்தை? வரும்போது என்ன வாங்கிட்டு வருவாங்க?" என்று கேட்கிறாங்க. ஆச்சி முறுக்குப் பொட்டலம் பற்றி அரை மணி நேரம் பேசுறாங்க. இதுல ஒரு பொய்யும் இல்லை.

சில நாள் அம்மா கவசத்தை ஆரம்பிப்பாங்க. பேத்தி பேர் மறந்த ஆச்சி முழுசும் சொல்லி முடிப்பாங்க. சின்ன வயசுல இருந்து நாக்குல ஊறினது கடைசி வரைக்கும் நிக்கிறது இந்த நோய்ல பலருக்கும் உண்டு. "கவசம் சொன்னா மறதி நோய் குணமாகும்" என்று ஒரு ஃபார்வர்டு சுத்துது, தயவுசெய்து அனுப்பாதீங்க. குணமாகாது. அந்த அரை மணி நேரம் ஆச்சி ஆச்சியா இருக்காங்க, எனக்கு அது போதும்.

ஆனா ஆச்சி நேராவே, "அவுக செத்துட்டாகளா?" என்று கேட்டா? பயிற்சியிலேயே அம்மா இதைக் கேட்டாங்க. அப்போ மழுப்பாதீங்க, ஆமான்னு சொல்லிட்டுக் கையைப் பிடிச்சுக் கூட உட்காருங்க, அவங்களே அதை நெருங்கி வந்திருக்காங்கன்னு சொன்னாங்க. அப்பா சொன்ன அதே உண்மைதான். ஆனா அதைக் கேட்டது ஆச்சி, கூட உட்கார ஆளும் இருக்கு. இந்த வித்தியாசத்தை இன்னும் என்னால விதியா எழுத முடியல.

இந்தியாவுல 60 வயசுக்கு மேல் இருக்கிறவங்கள்ல சுமார் 88 லட்சம் பேருக்கு டிமென்ஷியா இருக்குன்னு 2023-ல் வந்த ஒரு ஆய்வு மதிப்பிடுது. பெரும்பாலும் பார்த்துக்கிறது வீட்டுல இருக்கிற பெண்கள்தான். உலக சுகாதார நிறுவனம் இவங்களுக்காக 'ஐசப்போர்ட்' என்று ஒரு இலவசப் பயிற்சியே வச்சிருக்கு. ஆஸ்பத்திரியில சேர்த்தா நிலைமை இன்னும் கஷ்டம், அங்கே நர்ஸுக்கு ஆச்சி யாருன்னே தெரியாது. இங்கிலாந்துல இதுக்காகவே நோயாளியைப் பற்றி வீட்டுக்காரங்க எழுதிக் கொடுக்கிற ஒரு தாள் இருக்கு.

அதைப் பார்த்து நாங்களும் தமிழ்ல ஒரு பக்கம் எழுதி, மருந்து டப்பாவோட வச்சிருக்கோம். ஆச்சியை என்ன சொல்லிக் கூப்பிடணும், காபியில சர்க்கரை எவ்வளவு, இடது காது கேட்காது, ஆறு மணிக்கு என்ன கேட்பாங்க. கீழே அப்பா தன் கையெழுத்துல ஒரு வரி சேர்த்திருக்கார்: "ஞாபகம் இருக்கான்னு கேட்காதீங்க."