தறியும் கயிறும்

சைவப் பாடசாலைகளிலே கல்வி புகட்டும் ஆசிரியப் பெருமக்களே,

தண்டியடிகள் நாயனார் சரிதம் நீங்கள் மாணாக்கர்க்கு ஆண்டுதோறும் கற்பிப்பதொன்று. பிறவியிலே கண்ணொளியில்லாத அப்பெரியார், திருவாரூர்த் திருக்குளம் இடங்குறுகியதை அறிந்து, அதனைத் தோண்டத் துணிந்தார். குளத்தினுள்ளே ஒரு தறியும் கரையிலே ஒரு தறியும் நாட்டி, இடையே கயிறு கட்டி, அதனைத் தடவிக்கொண்டே இறங்கி மண்ணெடுத்து, தடவிக்கொண்டே ஏறிக் கொட்டினார். இறைவன் அவருக்குக் கண்ணளித்த அற்புதத்தையே நாம் விரித்துரைக்கின்றோம். அவர் தொண்டோ கண் பெறுமுன்னரே தொடங்கிற்று. அதற்கு வேண்டியிருந்தவை தறியும் கயிறுமே.

நம் ஊர்களிலும் தறியுங் கயிறுமின்றி வீட்டினுள்ளே இருத்தப்பட்ட பிள்ளைகள் உளர். நான்கு வயதாகியும் பேச்சு வாராத பிள்ளை, டவுண் சின்றோம் உடைய பிள்ளை, ஓட்டிசம் உடைமையால் பிறர் முகம் நோக்காத பிள்ளை என இவர்கள் பலதிறத்தினர். திருவிழாக் காலத்து ஊரெல்லாம் வீதியிலே தேர்வடம் பிடிக்க, இப்பிள்ளையின் தாய் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருக்கின்றாள். அவளை உள்ளே இருத்தியது பிள்ளையின் குறையன்று, அயலாரின் நாவேயாம்.

“அது அவர்கள் வினைப்பயன்” என்பர் சிலர். வினையுண்டென்பது நம் சமய உண்மையே. ஆயின் அது தன் துன்பத்தைப் பொறுத்தற்கும் தன்னைத் திருத்தற்கும் உரியது. பிறர் பிள்ளைமேற் குற்றஞ் சுமத்தற்கு உரியதன்று. தனு கரண புவன போகங்கள் நான்கும் ஆன்மா மலம் நீங்கி உய்யும்பொருட்டு இறைவன் கருணையினால் அளிப்பன என்பது சித்தாந்தம். கருவி வேறுபடலாம், ஆன்மா வேறுபடாது. அவ்வான்மாவைச் சந்நிதிக்கு வாராது தடுப்போமாயின், நாம் புதிதாக ஈட்டும் ஆகாமியத்திற்கு யார் பொறுப்பாவார்? நாயனாரின் தறிகளைப் பறித்தெறிந்தோரை வகுப்பிலே இகழ்ந்துவிட்டு, வீதியிலே நாமும் அதனையே செய்யலாமோ?

அற்றேல் செய்யத்தக்கது யாது? முதலாவது, பெற்றோர்க்குத் துணையாதல். உலக சுகாதார தாபனம் 2 முதல் 9 வயது வரையுள்ள இத்தகைய பிள்ளைகளின் பெற்றோர்க்கென ஒரு பயிற்சிமுறை வகுத்துளது. அதில் 9 கூட்டங்களும் 3 முறை வீடு சென்று காணுதலும் அடங்கும். வைத்திய நிபுணரல்லாதாரும் உரிய பயிற்சி பெற்று அதனை நடத்தலாம். அதன் சாரம் எளிது. பிள்ளை எதில் விருப்பங்கொள்கின்றதோ அதில் தாமும் சேர்ந்துகொள்க. சிறு சொற்களாலும் சைகையாலும் பேசுக. பேசியபின் மறுமொழிக்குக் காத்திருக்க. ஒவ்வொரு செயலையும் சிறுசிறு படிகளாகப் பகுத்துக் காட்டுக. சிறிது செய்யினும் உடனே மெச்சுக. தாயும் தன் உடலையும் மனத்தையும் பேணுக.

இதனைக் கோயில் வழிபாட்டிற் பொருத்திப் பார்ப்போம். தேர்த் திருவிழாவன்று முதன்முதலாகக் கொண்டுசென்றால், மேளமும் சனத்திரளும் பிள்ளையை வெருட்டும். ஆதலின் கூட்டமில்லாத ஒரு சாதாரண நாளிலே கொண்டுசெல்லும்படி சொல்லுங்கள். முதல்நாள் வெளிவீதி மாத்திரம் போதும். பின்னொரு நாள் கொடிமரம் வரை செல்லலாம். மணியோசை பொறாத பிள்ளையைப் பூசை முடிந்தபின் அழைத்துச் செல்லலாம். வீட்டிலே தினமும் திருநீறு பூசும்போது, கை நீட்டுதல், எடுத்தல், நெற்றியிற் பூசுதல் என ஒவ்வொரு படியாகப் பழக்கின், சந்நிதியிலும் அது கைகூடும். பூக்கூடை ஏந்துதலாகிய ஒரு சிறு தொண்டையும் அப்பிள்ளைக்கு ஒதுக்குங்கள். தொண்டுடைய பிள்ளையை ஊரார் அத்தொண்டினாலே அறிவர்.

இரண்டாவது, காலந் தாழ்த்தாமை. பிள்ளை பிறந்தவுடன் சுகாதாரப் பகுதியார் கொடுக்கும் வளர்ச்சிப் பதிவேட்டிலே, எவ்வெவ் வயதில் எது வரவேண்டுமென்பது குறிக்கப்பட்டுளது. ஐயமுண்டாயின் குடும்பநல உத்தியோகத்தரிடம் காட்டும்படி சொல்லுங்கள். நேர்த்திக்கடன் வைப்பாரை நாம் தடுக்கவில்லை. நேர்த்தியும் செய்க, வைத்தியரையும் காண்க.

மூன்றாவது, நமது வாயில்களைத் திறத்தல். இயலாமையைக் காரணங்காட்டிக் கல்விச்சாலையிற் சேர்க்க மறுத்தலும், பொதுவிடங்களிற் புகத் தடுத்தலும் 1996 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்கச் சட்டத்தினால் விலக்கப்பட்டுள்ளன. 1912 இல் செவிப்புலனும் விழிப்புலனும் இல்லாத பிள்ளைகட்கென இரத்மலானையிலே பாடசாலை நிறுவியோர் கிறித்த மிஷனைச் சேர்ந்தோர். பாதிரிமார் பாடசாலையிற் படித்த நாம் அவர்களது அம்முயற்சியைப் புகழக் கூசோம். 1848 இல் வண்ணார்பண்ணையிலே சைவப்பிரகாச வித்தியாசாலை நிறுவிய நாவலர் பெருமான் வழிவந்த நாம், இத்துறையிற் பின்னிற்றல் தகுமோ என்பதே வினா.

ஆசிரியர்களே, இவ்வாரம் உங்கள் அயலிலே அத்தகைய ஒரு வீட்டிற்குச் செல்லுங்கள். உபதேசஞ் செய்யாதீர்கள், பிள்ளையின் பெயரைக் கேட்டு, அப்பெயர் சொல்லி அழையுங்கள். அடுத்த வெள்ளிக்கிழமை மாலை அத்தாயுடன் வெளிவீதி வரை கூட நடந்து செல்லுங்கள். முதலாவது தறி அன்று நடப்படும். எஞ்சியவற்றிற்குத் திருவருள் துணைசெய்வதாக.