விழுந்தவன் எந்தப் பக்கம் எழுவது?



மனை விற்கிற தொழிலில் எனக்கு முதன்முதல் சொல்லிக்கொடுத்த பாடம் இதுதான்: "பத்து பேரைப் பார்த்தா ஒருத்தர் வாங்குவார். மத்தவங்க வேண்டாம்னு சொன்னா மனசுல வச்சுக்காதே, அடுத்த ஆளைப் பாரு." நல்ல பாடந்தான். மதுராந்தகம் பக்கம் வேனில் ஆட்களைக் கூட்டிப்போய், சைட்டில் மோர் கொடுத்து, மாலையில் வெறுங்கையோடு திரும்பின நாட்கள் எத்தனையோ. அப்போதெல்லாம் அந்த வார்த்தைதான் என்னைத் தூக்கி நிறுத்தியது. (ஞாயிறுதான் எங்களுக்கு வியாபார நாள். ஆராதனையில் காணோமே என்று கேட்டவர்களிடம் நான் சொன்ன சாக்குகள் தனிக்கதை.)

2016 செப்டம்பர் 9-ந்தேதி விழுந்த அடி அப்படிப்பட்டதல்ல. அங்கீகாரமில்லாத மனைகளைப் பத்திரப்பதிவு செய்யக்கூடாது என்று சென்னை உயர்நீதிமன்றம் தடை போட்டது. நவம்பரில் 500, 1000 ரூபாய் நோட்டுகளும் செல்லாமற்போயின. நாங்கள் விற்றதெல்லாம் 'பஞ்சாயத்து அப்ரூவல்' மனைகள். என்னிடம் மாதத் தவணை கட்டிவந்த பதினோரு பேருக்குக் கிரயம் நின்றுபோயிற்று. மனை போட்ட முதலாளி ஆபீசைப் பூட்டிவிட்டார். மகளின் பள்ளிக் கட்டணத்துக்கு மனைவியின் வளையல் அடகுக்குப் போனது.

சபையிலே சகோதரர்கள் அன்பாய்த் தேற்றினார்கள். "சோர்ந்துபோகாதீங்க பிரதர். இது உங்க தப்பில்ல, கோர்ட்டு உத்தரவு. வேற இடத்துல சேருங்க." கேட்க இதமாயிருந்தது. அங்கீகாரமுள்ள மனை விற்கிற வேறொருவரிடம் சேர்ந்தேன். எழுந்துவிட்டேன் என்றே நினைத்தேன்.

ஒரு ராத்திரி போன் அடித்தது. பெயரைப் பார்த்துவிட்டுக் கவிழ்த்து வைத்தேன். மனைவி கேட்டாள்: "அவங்ககிட்ட பணம் வாங்கின காலத்துல முதல் மணியிலேயே எடுப்பீங்களே?"

நான் மட்டும் விழுந்திருந்தால் மண்ணைத் தட்டிவிட்டு நடக்கலாம். என் கையைப் பிடித்துக்கொண்டு வந்தவர்களும் கூடவே விழுந்துகிடக்க, நான் மட்டும் எழுந்து போவதற்குப் பெயர் மனஉறுதியா, ஓட்டமா? கோர்ட்டு உத்தரவு என் தப்பல்ல, வாஸ்தவம். ஆனால் "டி.டி.சி.பி. அங்கீகாரம் இல்லையே?" என்று ஒருவர் கேட்டபோது, "தலைவர் கையெழுத்து இருக்கு, போதும்" என்று சொன்னது என் வாய்தானே. அது போதாது என்று எனக்கு அரைகுறையாய்த் தெரியும். முழுசாய்த் தெரிந்துகொள்ள நான் விரும்பவில்லை. தெரிந்திருந்தால் விற்க முடியாதே!

அந்த நாட்களில் எரேமியா 32-ஆம் அதிகாரத்தை வாசிக்க நேர்ந்தது. ஆனதோத்து நிலத்தை அவர் வாங்கினதை விசுவாசத்துக்கு உதாரணமாகப் பேசுகிறோம். என் தொழில்கண்ணுக்கு வேறொன்று பட்டது. நகரமோ முற்றுகையில், அவரோ காவலில். அப்படியிருந்தும் 17 சேக்கல் வெள்ளியை நிறுத்துக் கொடுத்து, சாட்சிகளை வைத்து, பத்திரத்தை மண்பாண்டத்தில் காத்துவைக்கச் சொல்லுகிறார். நம்பிக்கை இருக்கிறதே என்று பத்திரத்தில் ஓட்டை விடவில்லை.

பதினோரு வீட்டுக்கும் போனேன். இரண்டு வீட்டில் வாசலிலேயே நிறுத்திவைத்துத் திட்டினார்கள், திட்டவேண்டியதுதான். அங்கன்வாடியில் ஆயாவாக இருக்கிற ஒரு அக்கா மட்டும், "பணம் இல்லேன்னா இல்லேன்னு சொல்லுங்க தம்பி. போனை மட்டும் எடுங்க" என்றார்கள்.

2017 மே மாதம் வரன்முறைப்படுத்தும் விதிகள் வந்தன. முதலாளியைத் தேடிப்பிடித்து, வரைபடம், வில்லங்கச் சான்று என்று அலைந்ததில் ஒன்பது பேருக்குக் கிரயம் முடிந்தது. ஒருவர் பொறுமையிழந்து பாதிப் பணத்தோடு விலகிக்கொண்டார். அந்த அக்காவின் மனைதான் வாய்க்கால் புறம்போக்கில் மாட்டிக்கொண்டது. நீர்நிலை இடத்துக்கு வரன்முறை கிடையாது. முதலாளி கையை விரித்துவிட்டார்.

இப்போதும் மனைதான் விற்கிறேன். தாய்ப்பத்திரத்தையும் அங்கீகார எண்ணையும் முதலிலேயே எடுத்து வைத்துவிடுவதால் பேச்சு நீளுகிறது, வியாபாரம் குறைகிறது. அக்காவுக்கு மாதம் ஆயிரமாகக் கொடுத்துவருகிறேன். சில மாதம் ஐந்நூறுதான் முடிகிறது. அந்த மாதங்களில் ஒன்றாந்தேதி காலையிலேயே நானே போன் செய்து சொல்லிவிடுகிறேன்.