இன்னொரு சிட்டிகை

பர்லியாரில் கடல் மீன் வளர்க்கிறேன் என்றால் யாரும் சிரிக்கத்தான் செய்வார்கள். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் ஏறுகிறவர்கள் வண்டியை நிறுத்தி மங்குஸ்தானும் துரியானும் வாங்குகிற ஊர் இது. என் வீட்டு முன்னறையில் 200 லிட்டர் தொட்டி, பாக்கெட் உப்பைக் கரைத்த தண்ணீர், இரண்டு கோமாளி மீன்கள். பவளம் கிடையாது. 2001-ல் அதை வனவுயிர்ச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்துவிட்டார்கள். புலிக்கு என்ன காவலோ அதே காவல். என்னிடம் இருப்பது வெறும் பாறைதான்.

மூன்றாம் மாதம் அந்தப் பாறைக்குப் பச்சையாக முடி முளைத்தது. பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்தேன். பத்தே நாளில் மறுபடி முளைத்தது. மோட்டாரை மாற்றி, மணிக்கு 2000 லிட்டர் தள்ளுவதாக வாங்கிப் போட்டேன். தொட்டித் தண்ணீர் முழுக்க மணிக்குப் பத்து சுற்று. அதற்கும் மசியவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை பாறையைக் கண்ணாடியிலிருந்து நான்கு விரல் தள்ளி வைத்து, மோட்டாரின் வாயை எதிர்க் கண்ணாடி பார்க்கத் திருப்பினேன். மோதித் திரும்பிய தண்ணீர் பாறைக்குப் பின்னால் புகுந்ததும், அங்கிருந்து சாம்பல் நிறத்தில் புகை மாதிரி ஏதோ கிளம்பியது. மீன்கள் தின்னாமல் விட்ட தீனி. மாதக் கணக்கில் அங்கேயே கிடந்து ஊறியிருக்கிறது.

நான் காலையில் போடுவது ஒரு சிட்டிகைதான். அம்மாவைக் கேட்டேன்.

"பாவம் கண்ணு, கண்ணாடிகிட்ட வந்து வந்து நிக்குது. மத்தியானம் துளி போடுவேன்."

தின்னாத தீனி அழுகினால் நைட்ரேட், பாஸ்பேட். பாசிக்கு அதுதான் எரு. அம்மாவைக் கோபித்துக்கொள்ள எனக்கு வாய் வரவில்லை. கோவை விடுதியில் இருக்கும் மகனை நாளைக்கு மூன்று முறை கூப்பிட்டு "சாப்டியா?" என்று கேட்கிறவன் நான். அவன் பதில் இப்போதெல்லாம் "ம்" என்பதோடு சரி.

வீட்டுக்குக் கீழே ஓடும் ஆற்றிலும் இதையே பார்க்கிறேன். தண்ணீர் விழுந்து நுரைக்கிற இடத்துக் கல் சுத்தமாக இருக்கும். கழுநீர் இறங்கி, தண்ணீர் தயங்குகிற இடத்துக் கல்லில் கால் வைத்தால் வழுக்கும். பாசியைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. போட்டதைத் தின்று வளர்கிறது.

கடலில் கணக்கு இன்னும் சிக்கல். வளர்ப்பதற்காக வெளியிலிருந்து கொண்டுவந்த கப்பாபைகஸ் என்ற கடல்பாசி, மண்டபத்துக்குப் பக்கத்தில் குருசடைத் தீவின் பவளங்கள்மேல் படர்ந்து மூடியதை 2008-ல் ஆய்வாளர்கள் பதிவு செய்தார்கள். அதே மன்னார் வளைகுடாவில் 2016 கோடையில் தண்ணீர் கொதித்தபோது நடந்தது நேர்மாறு. பவளத்தின் உடம்புக்குள்ளேயே குடியிருந்து அதற்குச் சோறு போடுகிற நுண்பாசி வெளியேறிவிட, பவளங்கள் வெளுத்தன. பாசி ஏறினாலும் சாவு, இறங்கினாலும் சாவு. இதைப் படித்த பிறகு தொட்டியின் பின்கண்ணாடியை நான் தேய்ப்பதில்லை. அங்கே பச்சை இருக்கட்டும்.

தீனி டப்பா இப்போது அலமாரியின் மேல்தட்டில், அம்மாவுக்கு எட்டாத உயரத்தில். மத்தியானம் தொட்டி முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்கிறாள். இரண்டு மீன்களும் அவள் முகத்துக்கு நேராக வந்து நிற்கின்றன.

"போட்டியா கண்ணு?"

"போட்டாச்சும்மா" என்கிறேன், போடாமல்.