அர்ச். இஞ்ஞாசியாரும் நமது நோட்டுப் புத்தகமும்



ஸ்ரீபெரும்புதூரிலும் ஒரகடத்திலும் கார், லாரி, டயர் செய்யும் ஆலைகளில் உழைக்கிற நம்மவர் சிலர், பாதியில் விட்ட படிப்பை மறுபடி தொடங்கியிருக்கிறார்கள். தேசிய திறந்தநிலைப் பள்ளி வழியாகப் பத்தாம் வகுப்பு எழுதுவோருண்டு. 2002-ல் ஏற்பட்ட தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் பட்டத்துக்குப் படிப்போருமுண்டு. ஆனால் இரவு ஷிப்டு முடிந்து புத்தகத்தைத் திறந்தால் என்ன நேருகிறது? கண் சொருகுகிறது. மகன் நொடியில் போடும் கணக்கு தகப்பனுக்கு வரவில்லை. வெட்கம் கோபமாகி, அந்தக் கோபம் மனைவி மேல் பாய்கிறது. "இந்த வயதில் எனக்கேன் படிப்பு?" என்று புத்தகத்தை மூடிவிடுகிறோம்.

அர்ச். இஞ்ஞாசியாரைப் பாருங்கள். 1521-ல் யுத்தத்தில் குண்டடிபட்ட வீரர் அவர். 1524-ல், முப்பது வயதைத் தாண்டியபின், பார்சலோனா பட்டணத்தில் இலத்தீன் இலக்கணத்தை அரிச்சுவடியிலிருந்து கற்க உட்கார்ந்தார். பாடத்தை மனப்பாடம் செய்யத் தொடங்கினால் போதும், இனிமையான ஞான சிந்தனைகள் வந்து மனதை இழுத்துக்கொண்டு போகும். அவர் தம்மையே கவனித்துப் பார்த்தார்: ஜெபத்திலும் பூசையிலும் வராத இனிமை, படிக்கும்போது மட்டும் வருவானேன்? இது சோதனையே என்று கண்டுகொண்டார். உபாத்தியாயரைக் கோவிலுக்கு அழைத்துப்போய் எல்லாவற்றையும் சொல்லி, "உண்ண ரொட்டியும் குடிக்கத் தண்ணீரும் கிடைக்கும்வரை இரண்டு வருஷம் பாடம் தவறேன்" என்று வாக்குக் கொடுத்தார். சோதனை நீங்கிற்று. பிற்பாடு பாரீஸ் சர்வகலாசாலையில் ஏழு வருஷம் படித்துப் பட்டமும் பெற்றார்.

இந்தக் கவனிப்புக்கு அவர் ஓர் எளிய வழி வைத்தார். ஒரு குறையைத் தெரிந்துகொண்டு, மதியமும் இரவும் ஆத்தும சோதனை செய்து, விழுந்த தடவைகளைக் கோட்டின்மேல் புள்ளிகளாகக் குறிக்க வேண்டும். பிறகு நேற்றையதோடு இன்றையதையும், போன வாரத்தோடு இந்த வாரத்தையும் ஒப்பிட வேண்டும். 1548-ல் பாப்பானவர் அங்கீகரித்த "ஞானப் பயிற்சிகள்" என்னும் அவரது நூலில் இது அடங்கியிருக்கிறது.

பிரியமானவர்களே, பத்து ரூபாய் நோட்டுப் புத்தகம் ஒன்று வாங்குங்கள். படுக்குமுன் சர்வேசுரனுடைய சமுகத்தில் சற்று மௌனமாயிருந்து மூன்று வரி எழுதுங்கள்: இன்று என்ன கற்றேன்? எந்த நேரத்தில், எதனால் மனம் சிதறிற்று? வெட்கத்தால் யாரை நோகச் செய்தேன்? நம்மை நாமே திட்டிக்கொள்வதற்கல்ல இது. சோர்வு எந்த வாசல் வழியாக வருகிறதென்று அறிந்தால் அந்த வாசலை அடைக்கலாம். தூக்கமே காரணமென்று தெரிந்தால், முதலில் தூங்கி எழுந்து படியுங்கள், அது பாவமல்ல.

வாக்கையும் ஒருவரிடம் சொல்லுங்கள். உங்கள் மனைவியிடமே சொல்லலாம். மன்னிப்பும் அங்கேயே கேட்டுக்கொள்ளலாம். முப்பது வயதுக்கு மேல் சிறுவர்களின் பாடத்தைப் படித்த அர்ச்சியசிஷ்டவர் உங்களுக்காக மன்றாடுவாராக. ஆமென்.