கப்பலில் நம் பிலால் யார்?

 



பிரயாணத்தில் தொழுகையைப் பற்றி வாசகர்கள் அடிக்கடி நமக்கு எழுதுவதுண்டு. பெரும்பாலும் ரயிலைப் பற்றிக் கேட்பார்கள். விமானத்தைப் பற்றிக் கேட்பார்கள். இம்முறை இங்கிலாந்திலிருந்து ஒரு சகோதரர் கேட்டிருப்பது சற்று வேறு விதமானது. சொந்தக் காரைக் கப்பலுக்குள் ஓட்டிச் சென்று நிறுத்திவிட்டு, இரவு முழுவதும் கப்பலில் உறங்கி, விடிந்ததும் வேறொரு நாட்டில் அதே காரில் இறங்கிப் போகும் விடுமுறைப் பயணம் அது. ஊர் பார்க்கப் போகிறவனுக்கும் கஸ்ர் உண்டா, அல்லது ஹஜ்ஜுக்கும் பிழைப்புக்கும் போகிறவனுக்கு மட்டும்தானா என்பது அவருடைய சந்தேகம்.

கிதாபைப் பார்த்துப் பதில் எழுதிவிடலாம். ஆனால் 2024 ஜூலைக் கடைசியில் இதே பயணத்தை நாமும் செய்தோம். அதில் நமக்கு நேர்ந்ததை மறைத்துவிட்டு மற்றவர்களுக்குச் சட்டம் சொல்வது நேர்மையாகாது. ஆகவே இரண்டையும் சேர்த்தே எழுதுகிறோம்.

லண்டனில் நம்மை உபசரித்த சகோதரர் கீழக்கரையைப் பூர்வீகமாகக் கொண்டவர். மனைவி, இரண்டு பிள்ளைகள், எழுபது வயதைத் தாண்டிய தாயார் ஆகியோருடன் ஹாலந்துக்கு ஒரு வாரம் போக ஏற்பாடு செய்திருந்தார். "ஹஜ்ரத்தும் வாருங்கள்" என்றார். போனோம். லண்டனிலிருந்து ஹார்விச் துறைமுகம் 100 கிலோமீட்டருக்கும் மேல். அங்கிருந்து ஹூக் வான் ஹாலந்து என்னும் துறைமுகத்துக்குக் கடல் வழி ஏறக்குறைய 200 கிலோமீட்டர். இரவு 11 மணிக்குக் கப்பல் புறப்படுகிறது. ஹாலந்து நேரப்படி காலை 8 மணிக்குப் போய்ச் சேர்கிறது. ஹாலந்தின் கடிகாரம் இங்கிலாந்தைவிட ஒரு மணி நேரம் முந்தியது என்பதையும் நினைவில் வையுங்கள்.

அந்தக் கப்பல் 240 மீட்டர் நீளம். 1200 பேர் ஏறலாம். கார்களும் லாரிகளும் வாசல் வழியாக நேரே உள்ளே போகின்றன. கப்பல் சிப்பந்திகள் கை காட்டும் இடத்தில், கதவைத் திறக்கவே இடமில்லாத நெருக்கத்தில், நிறுத்த வேண்டும். கைப் பிரேக்கைப் போட வேண்டும். கப்பல் ஆடினால் காரின் திருட்டு மணி அலறும் என்பதால் அதை அணைத்துவிடச் சொல்கிறார்கள். பிறகு இரவுக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டு மேலே ஏற வேண்டும். கப்பல் புறப்பட்டால் கார்கள் நிற்கும் தளத்தைப் பூட்டிவிடுவார்கள். கரை சேரும் வரை எவரும் கீழே போக முடியாது. மருந்தை மறந்தாலும் மறந்ததுதான். தொழுகை விரிப்பை மறந்தாலும் மறந்ததுதான்.

நாம் மறந்தோம். பிள்ளைகளின் தின்பண்டங்களும், கீழக்கரை வழக்கம் மாறாமல் கட்டி வந்த கட்டுச்சோறும், போர்வைகளும் மேலே வந்து சேர்ந்தன. விரிப்பும் திசைகாட்டியும் இருந்த பை காரிலேயே நின்றது. சகோதரருடைய கைபேசியும் காரில் மின்னேற்றத்தில் கிடந்தது. அந்த மூதாட்டி மட்டும் தம் தொழுகைத் துப்பட்டியை ஒரு சிறு துணிப்பையில் மடித்துக் கையிலேயே வைத்திருந்தார்.

இனி சட்டத்துக்கு வருவோம்.

ஓய்வுக்காகவும் மனமகிழ்வுக்காகவும் குடும்பத்தோடு போவது ஆகுமான பயணம். பாவத்தை நாடிப் புறப்பட்டவனுக்குத்தான் ஷாஃபிஈ மத்ஹபில் சலுகை இல்லை. நான்காம் அத்தியாயமாகிய அந்நிஸாவின் 101வது வசனம் பயணத்தில் தொழுகையைச் சுருக்க அனுமதிக்கிறது. அங்கே எதிரியின் பயம் குறிப்பிடப்பட்டிருக்கிறது. பயம் நீங்கிய பிறகும் ஏன் சுருக்குகிறோம் என்ற ஐயம் உமர் (ரலி) அவர்களுக்கே எழுந்தது. அவர்கள் நாயகத்திடம் கேட்டபோது, இது அல்லாஹ் உங்களுக்குச் செய்த தர்மம், அவனுடைய தர்மத்தை ஏற்றுக்கொள்ளுங்கள் என்ற கருத்தில் பதில் கிடைத்தது. முஸ்லிம் கிரந்தத்தில் வரும் ஹதீஸ் இது. ஆகவே, சொகுசுக் கப்பலில் மெத்தையில் படுத்துக்கொண்டு போகிறோமே, நமக்கெதற்குச் சலுகை என்று கூச்சப்பட வேண்டியதில்லை.

மஃரிபையும் இஷாவையும் கப்பல் கரையில் நிற்கும்போதே, ஒன்பதரை மணி வாக்கில், சேர்த்துத் தொழுதோம். மஃரிப் மூன்று, அதில் சுருக்கம் இல்லை. இஷா இரண்டு. முந்தைய தொழுகையிலேயே ஜம்உ செய்கிறோம் என்ற நிய்யத் வேண்டும். இரண்டுக்கும் இடையில் நீண்ட இடைவெளி கூடாது. ஹனஃபி மத்ஹபைப் பின்பற்றும் சகோதரர்கள் இப்படிச் சேர்ப்பதில்லை. அவர்கள் இஷாவை அதன் நேரம் வந்தபின் இரண்டாகத் தொழுதுகொள்வார்கள். அதை வைத்துக் கப்பலில் விவாதம் நடத்த வேண்டாம்.

கிப்லா விஷயத்தில் ஒரு வேடிக்கை. தமிழ்நாட்டில் நாம் மாலைச் சூரியன் மறையும் பக்கம் நோக்கித் தொழுது பழகியவர்கள். அங்கேயோ ஜூலைக் கடைசியில் சூரியன் வடமேற்கில் மறைகிறது; கிப்லா தென்கிழக்கில் இருக்கிறது. ஆக, மறைந்த சூரியனுக்கு முதுகைக் காட்டி நின்றால் கிப்லா ஏறக்குறைய சரியாக வந்துவிடுகிறது. திசைகாட்டி காரில் கிடந்ததால் நமக்கு இதுவே உதவியது. திசைகாட்டி கையில் இருந்தாலும் இரும்புச் சுவர்களுக்கு நடுவே அதன் முள்ளை அப்படியே நம்புவதற்கில்லை. கைபேசியில் உள்ளதும் அப்படித்தான். (குளிர்காலத்தில் சூரியன் தென்மேற்கில் மறைவதால் இந்தக் கணக்குச் செல்லாது.) நடுக்கடலில் கப்பல் நேர் கிழக்கே போகிறது, அதன் முன்முகத்திலிருந்து சற்று வலப்புறம் திரும்பி நின்றால் போதும். பர்ளைத் தொழும்போது கப்பல் திரும்பியது தெரிந்தால் நாமும் கிப்லாவின் பக்கம் திரும்பிக்கொள்ள வேண்டும். நிற்க முடிந்தவர் நின்றுதான் தொழ வேண்டும். தலைசுற்றி விழுந்துவிடுவோம் என்று அஞ்சுகிறவர் உட்கார்ந்து தொழலாம்.

தண்ணீருக்குக் குறைவே இல்லை. கடலில் போகும்போது கொஞ்சம் தண்ணீர்தான் இருக்கிறது, அதில் ஒளுச் செய்தால் தாகத்தால் வாடுவோம், கடல் நீரில் செய்யலாமா என்று ஒருவர் நாயகத்திடம் கேட்ட காலம் ஒன்று உண்டு. இன்று ஒவ்வொரு அறையிலும் குழாயைத் திருகினால் வெந்நீரே வருகிறது. தயம்முமுக்கு இங்கே பேச்சில்லை.

இவ்வளவையும் ஒழுங்காகச் செய்துவிட்டு, இரண்டு தொழுகையும் முடிந்தது என்ற நிம்மதியோடு படுத்தோம். ஒரு அறையில் நாமும் சகோதரரும் அவர் மகனும். அடுத்த அறையில் பெண்கள். கைபேசியில் எழுப்பும் மணி வைத்திருப்பார் என்று நாம் அவரை நம்பினோம். ஆலிம் பக்கத்தில் படுத்திருக்கிறார், எழுப்பிவிடுவார் என்று அவர் நம்மை நம்பினார். இருவரும் வாய் திறந்து ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளவில்லை. ஜன்னல் இல்லாத அறை; விளக்கை அணைத்தால் நள்ளிரவும் நண்பகலும் ஒன்றுதான். பிரயாணிகளை எழுப்ப ஒலிபெருக்கியில் இசையும் அறிவிப்பும் வந்தபோது கண் விழித்தோம். ஹாலந்து நேரம் ஆறரை. அந்தப் பருவத்தில் அங்கே ஆறு மணிக்கு முன்பே சூரியன் உதித்துவிடுகிறது.

ஸுபுஹு போய்விட்டது.

விழித்த உடனே ஒளுச் செய்து களாவாகத் தொழுதோம். நியாயமான காரணத்தால் தவறியதை உடனே நிறைவேற்றுவது ஸுன்னத். காரணமின்றித் தவறவிட்டதை உடனே நிறைவேற்றுவது கடமை. நம்முடையது எந்த வகை என்று நமக்கே தீர்ப்புச் சொல்லத் துணிவு வரவில்லை. வெளியே வந்தபோது நடைவழியில் அந்த மூதாட்டி நின்றிருந்தார். "ஆலிம்சா, சுபுஹு தொழுதாச்சா?" என்று சாதாரணமாகக் கேட்டார். நாம் சொன்னதைக் கேட்டதும் முகம் வாடிவிட்டது. "நான் நேரத்தோட முழிச்சித் தொழுதேன். உங்க கதவைத் தட்டலாமான்னு நெனச்சேன். ஆம்பளைங்க படுத்திருக்கிற அறை, ஆலிம்சா வேற இருக்கிறாங்க, அவங்களுக்குத் தெரியாதா, நாம போயி எழுப்புறதான்னு பேசாம இருந்துட்டேன்" என்றார். ஆலிம் என்ற பட்டமே அன்று நம் கதவுக்குத் தாழ்ப்பாளாகியது.

கைபரிலிருந்து திரும்பும் வழியில் நாயகத்துக்கும் ஸுபுஹு தவறியதே என்று அன்பர்கள் ஆறுதல் கூறுவார்கள். நமக்கும் அந்த நினைவு வந்தது. ஆனால் அந்த ஹதீஸை முழுமையாக எண்ணிப் பார்த்தபோது ஆறுதல் குறைந்தது. இரவெல்லாம் பயணம் செய்து களைத்து இறங்கிய அண்ணலார், முதலில் செய்தது என்ன? பிலால் (ரலி) அவர்களை அழைத்து, இரவைக் கண்காணிக்கும் பொறுப்பை ஒப்படைத்தார்கள். பிறகே உறங்கினார்கள். பிலாலும் சும்மா இருக்கவில்லை. தம்மால் இயன்ற மட்டும் தொழுதார்கள். விடியல் நெருங்கியபோது, கிழக்கு வெளுப்பதைப் பார்ப்பதற்காக அந்தத் திசையை நோக்கியே தம் வாகனத்தில் சாய்ந்து உட்கார்ந்தார்கள். அதன் பிறகுதான் உறக்கம் அவர்களை வென்றது. சூரிய வெப்பம் பட்ட பிறகே அனைவரும் எழுந்தார்கள். உறக்கத்தில் குற்றமில்லை, விழிப்பில் இருக்கும்போது செய்யும் அலட்சியமே குற்றம் என்ற கருத்தில் வரும் நபிமொழியும் முஸ்லிம் கிரந்தத்தில் இருக்கிறது.

நாம் உறங்கியது குற்றமல்லாமல் இருக்கலாம். ஒன்பதரை மணிக்கு, நன்றாக விழித்திருந்த வேளையில், "நாளை காலை எழுப்புவது யார்?" என்று கேட்காமல் படுத்தோமே, அது விழிப்பில் செய்த காரியம் அல்லவா? அவர்களிடம் ஒரு பிலால் இருந்தார். நம்மிடம் யாரும் இல்லை.

கப்பல்காரர்களுக்கு இந்தப் பாடம் பெரும் விலையில் கிடைத்தது. 1987 மார்ச் 6ஆம் நாள், பெல்ஜியத்தின் ஸீப்ரக் துறைமுகத்திலிருந்து இங்கிலாந்தின் டோவருக்குப் புறப்பட்ட 'ஹெரால்ட் ஆஃப் ஃப்ரீ என்டர்பிரைஸ்' என்னும் கார் கப்பல், துறைமுகத்தைத் தாண்டிய சில நிமிடங்களில் கவிழ்ந்தது. 193 உயிர்கள் பறிபோயின. கார்கள் நுழையும் முன்வாசல் திறந்தபடியே இருந்தது. அதன் வழியே கடல் உள்ளே புகுந்தது. கதவை மூட வேண்டியவர் தம் அறையில் உறங்கிப்போயிருந்தார். அவர் வந்து மூடிவிடுவார் என்று மேலதிகாரி எண்ணினார். கதவு மூடியதா இல்லையா என்று காட்டும் விளக்குக் கூட மாலுமியின் மேடையில் இருக்கவில்லை. உறங்கியவரை மட்டும் குறை கூறிப் பயனில்லை; விசாரணை கப்பல் கம்பெனியின் மேல்மட்டம் வரைக்கும் குறை கண்டது. ஒவ்வொருவரும் அடுத்தவர் பார்த்துக்கொள்வார் என்று இருந்ததுதான் அங்கும் நடந்தது.

பயணத் தொழுகையில் லுஹருக்குச் சலுகை உண்டு, அஸருக்கு உண்டு, இஷாவுக்கு உண்டு. மஃரிப் சுருங்காவிட்டாலும் இஷாவோடு சேர்ந்துகொள்கிறது. ஸுபுஹு ஒன்றுதான் சுருங்குவதும் இல்லை, எதனோடும் சேர்வதும் இல்லை. தனியே நிற்கும் அந்த இரண்டு ரக்அத்துக்குத்தான் இரவுக் கப்பலில் ஆபத்து அதிகம். கோடையில் கப்பல்காரர்கள் எழுப்பும் நேரம் பிந்திவிடுகிறது. குளிர்காலத்தில் எட்டரை மணிக்கும் பிறகுதான் உதயம் என்பதால் நேரம் இருப்பதுபோல் தோன்றும். ஆனால் அதற்குள் காரில் போய் ஏறச் சொல்லிவிடுவார்கள். ஆகவே அறையைக் காலி செய்யுமுன் தொழுதுவிட வேண்டும். அந்தப் பகுதிகளில் கோடை நடுவில் இரவு முழுமையாக இருட்டுவதே இல்லை. ஸுபுஹு தொடங்கும் நேரத்தை அந்நாட்டு ஜமாஅத்துகள் வகுத்த அட்டவணையைப் பார்த்துப் புறப்படுமுன் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். எந்த நாட்டு நேரம் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

இன்னொரு தவறையும் சொல்லிவிடுகிறோம். கரை இறங்கிய பின் ஒரே ஊரில் வீடு பிடித்து ஏழு நாள் தங்குகிறவர்கள் அங்கேயும் இரண்டிரண்டாகவே தொழுகிறார்கள். வந்த நாளும் புறப்படும் நாளும் நீங்கலாக நான்கு முழு நாட்கள் ஓரிடத்தில் தங்குவதென்று நிய்யத் வைத்தவர், ஷாஃபிஈ மத்ஹபில், அங்கே போய்ச் சேர்ந்ததுமே முஸாபிர் அல்ல. ஹனஃபியில் அந்தக் கணக்கு பதினைந்து நாட்கள். நாம் ஸீலாந்து மாகாணத்தில் கடலோர வீடு ஒன்றில் ஏழு இரவுகள் இருந்தோம், முழுமையாகவே தொழுதோம்.

திரும்பும் இரவு, காரைக் கப்பலில் நிறுத்தியதும், சகோதரர் முதலில் எடுத்தது விரிப்புப் பையை. மேலே வந்து மஃரிபும் இஷாவும் முடிந்ததும், "இன்று பிலால் யார்?" என்று நாம் கேட்டோம். சகோதரர் கைபேசியைக் காட்டினார். பத்து வயது மகன் தான் விழித்திருப்பதாகச் சொன்னான். மூதாட்டி, "ரெண்டு பேரும் தூங்குங்க. நான் பார்த்துக்கிறேன். ஆனா ஆலிம்சா கோவிச்சிக்கக் கூடாது, கதவைப் பலமாத்தான் தட்டுவேன்" என்றார்.

நான்கு மணிக்குக் கதவு அதிர்ந்தது. கைபேசி மணி அதற்குப் பின்னர்தான் அடித்தது. நடைவழியின் மூலையில், யாருக்கும் இடைஞ்சலில்லாத இடத்தில், விரிப்பை விரித்தோம். பிலாலாகிய அந்தத் தாயார் பின்வரிசையில் வெள்ளைத் துப்பட்டியோடு நின்றார். பேரன் தூக்கக் கலக்கத்தில் இகாமத் சொன்னான்.