கடல் கடந்த ரசிகரின் கடன்

ஜப்பானில் வரையப்படும் அனிமேத் தொடர்களையும் படங்களையும் அந்நாட்டுக்கு வெளியே வாழும் ஒருவர் எந்த வழியில் பார்ப்பது, எங்கே வாங்குவது என்பது மேலோட்டமான பார்வைக்கு வசதியையும் விலையையும் பற்றிய கேள்வியாகவே தோன்றும். ஆனால் அந்த வழிகளில் சில உரிமையாளரின் ஒப்புதலோடு அமைந்தவை, சில அவரை ஏய்த்து அமைந்தவை, இன்னும் சில ஒப்புதல் கேட்கப் போனால் கதவைத் திறக்கவும் ஆளில்லாத காலத்தில் ரசிகர்களே உண்டாக்கிக்கொண்டவை என்பதை எண்ணும்போது, அது அறம் பற்றிய கேள்வியாகிவிடுகிறது. சட்டத்தின் விடை சுருக்கமானது: உரிமம் பெறாத நகல் பதிப்புரிமை மீறல். விற்பனைக்குரிய ஒளிப்படைப்பு சட்டவிரோதமாக வலையேற்றப்பட்டது என்று தெரிந்தே அதைத் தரவிறக்குவதை ஜப்பான் 2012 அக்டோபரிலிருந்து தண்டனைக்குரிய குற்றமாகவே ஆக்கியிருக்கிறது. அறத்தின் விடை இவ்வளவு சுருக்கமாக அமைவதில்லை. சட்டத்துக்கு மாறானது என்பது ஒரு செயலைத் தவறென்று கருதுவதற்கு வலுவான காரணமே எனினும், அதனால் யாருக்கு என்ன இழப்பு நேர்கிறது, அந்த இழப்பைத் தவிர்க்கும் வழி பார்ப்பவருக்கு இருந்ததா என்ற இரண்டையும் ஆராயாமல் தீர்ப்பை முடித்துவிட இயலாது.

இழப்பு யாருக்கு என்பதை அறிய, அனிமேத் தொழிலில் பணம் ஓடும் பாதையை அறிய வேண்டும். ஜப்பானியத் தொலைக்காட்சித் தொடர்களில் பெரும்பாலானவை ‘தயாரிப்புக் குழு’ எனப்படும் ஏற்பாட்டின் கீழ் உருவாகின்றன. பதிப்பகம், தொலைக்காட்சி நிலையம், இசை நிறுவனம், பொம்மை நிறுவனம், விளம்பர நிறுவனம் முதலியவை கூட்டாக முதலிட்டு, தொடர் தோற்றால் நட்டத்தையும் வென்றால் ஆதாயத்தையும் பங்கிட்டுக்கொள்ளும் முறை இது. படத்தை வரைந்து முடிக்கும் கலைக்கூடத்துக்கு இக்குழுவில் பங்கு இல்லாவிட்டால், பேசி முடித்த தொகையோடு அதன் கணக்கு முடிந்துவிடுகிறது. அக்கூடத்தின் கீழ்ப்படியில் இருப்பவர் இடைப்பட ஓவியர். முதன்மை ஓவியர் ஓர் அசைவின் தொடக்கத்தையும் முடிவையும் வரைந்து தர, அந்தத் தாள்களின் துளைகளை முளைகளில் மாட்டி, அடியிலிருந்து வெளிச்சம் வரும் மேசையின்மேல் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, இரண்டுக்கும் நடுவே கை எங்கே வந்திருக்கும், கூந்தல் எவ்வளவு பறந்திருக்கும், சட்டையின் மடிப்பு எப்படி விழுந்திருக்கும் என்று கணித்து, நடுத்தாள்களை ஒவ்வொன்றாக நிரப்புவது அவர் வேலை. தாள் ஒன்றுக்கு ஏறத்தாழ 200 யென் என்பது நெடுங்காலம் வழங்கிவந்த கூலி. அனிமே வரைவோர் சங்கம் 2015இல் வெளியிட்ட ஆய்வின்படி, இவ்வோவியர்களின் 2013ஆம் ஆண்டுச் சராசரி வருமானம் சுமார் 11 இலட்சம் யென்; டோக்கியோவில் வாடகை கொடுத்து வாழ்வதற்கு அது போதாது. அதே தொழிலின் மொத்தச் சந்தை 2023இல் 3.3 இலட்சம் கோடி யென்னைத் தாண்டியது. அதில் பாதிக்கு மேல் வெளிநாடுகளிலிருந்து வந்தது.

இந்த உண்மையைத் திருட்டு நகலுக்கான நியாயமாகச் சிலர் முன்வைக்கின்றனர். கட்டணம் செலுத்தினாலும் அது வரைந்தவரைச் சென்றடையப் போவதில்லை என்பதால், செலுத்தாமல் பார்ப்பதில் அவருக்கு நட்டமில்லை என்பது அவர்கள் வாதம். முதற்பாதியில் உண்மை இருப்பதால் இவ்வாதம் கேட்பவரை எளிதில் மயக்கும், முடிவோ பிழையானது. அடுத்த தொடர் எடுக்கப்படுமா, அதற்கு எவ்வளவு ஒதுக்கப்படும் என்பதை இன்று பெருமளவு தீர்மானிப்பது வெளிநாட்டு உரிம வருவாய் என்பதால், அவ்வருவாய் சுருங்கினால் முதலில் வெட்டுப்படுவது 200 யென் கூலிக்காரரின் பங்கேயன்றி முதலீட்டாளரின் பங்கு அன்று. நெசவாளிக்குக் கூலி குறைவு என்பதைக் காட்டிக் கடையிலிருந்து சேலையைத் தூக்கிச் செல்பவர் நெசவாளியின் பக்கம் நிற்பவராகிவிட மாட்டார். ஒருவர் குறைத்துக் கொடுக்கும் அநீதி, இன்னொருவர் ஒன்றுமே கொடுக்காமலிருப்பதற்கு உரிமையாகாது. உண்மையான அக்கறை வேறு வடிவம் எடுக்கும் என்பதற்குச் சான்றும் உண்டு. தன் ஓவியர்களை மாதச் சம்பளத்தில் வைத்துப் பேணிய கியோட்டோ அனிமேஷன் கூடம் 2019 ஜூலை 18 அன்று தீக்கிரையாக்கப்பட்டு 36 பேர் உயிரிழந்தபோது, பல நாட்டு ரசிகர்கள் அக்கூடத்தின் இணையக் கடையைத் தேடிச் சென்று, ஜப்பானிய மொழி தெரியாத நிலையிலும் ஒருவருக்கொருவர் வழிகாட்டி, தரவிறக்கத்தக்க படங்களை விலை கொடுத்து வாங்கினர். அஞ்சலில் எதையும் அனுப்பும் சுமை கூடத்துக்கு நேராமல் பணம் மட்டும் போய்ச் சேர வேண்டும் என்பதற்காகவே அவர்கள் அவ்வழியைத் தேர்ந்தனர்.

இதுவரை சொன்னது, நேர்வழி ஒன்று இருக்கும்போது அதைத் தவிர்ப்பவரைப் பற்றியது. நேர்வழியே இல்லாத இடத்தில் கேள்வி கடினமாகிறது. அமெரிக்காவில் 1977இல் லாஸ் ஏஞ்சலிஸில் தொடங்கிய ரசிகர் மன்றத்தினர், ஜப்பானிலிருந்து வந்த ஒளிநாடாக்களை மொழி விளங்காமலே, கதைச்சுருக்கம் அச்சிட்ட தாளைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தனர். எண்பதுகளின் இறுதியில் வீட்டுக் கணினியைக் கொண்டே ஒளிநாடாவின்மேல் எழுத்தைப் பதிக்கும் வசதி வந்ததும் ‘ரசிகர் சப்டைட்டில்’ பிறந்தது. ரசிகர்களே மொழிபெயர்த்து, வசனங்களைத் திரையின் அடியில் பதித்து, நகலெடுத்து வழங்கியது அது. வேண்டுபவர் வெற்று நாடாவையும் தபால்தலை ஒட்டிய உறையையும் அனுப்பி வைப்பார். நகல் பதிவாகி வரும். அதிலிருந்து இன்னொருவருக்கு எடுக்கப்படும் நகலில் நிறம் வெளிறி, எழுத்து நடுங்கும். இந்த நாடாக்களில், இது விற்பனைக்கன்று, வாடகைக்கன்று, உங்கள் நாட்டில் உரிமம் பெற்ற பதிப்பு வெளியானதும் விநியோகத்தை நிறுத்திவிடுக என்ற அறிவிப்பு வழக்கமாக இடம்பெறும். சட்டத்தின் முன் இவ்வறிவிப்புக்கு எந்த மதிப்பும் இல்லை. அறத்தின் முன் உண்டு. தமக்கு உரிமையில்லாத பொருளைக் கையாள்கிறோம் என்பதை ஒப்புக்கொண்டு, உரிமையாளர் வந்து கேட்டால் திருப்பித் தந்துவிடும் மனநிலையோடு அதை வைத்திருப்பவரின் நேர்மை அதில் தெரிகிறது. எல்லாரும் அறிவிப்பின்படி நடந்தனர் என்று சொல்ல முடியாது. நடந்தவர்கள் கணிசமானோர் இருந்தனர்.

வேகமான இணையம் வந்தபின் அந்தக் கட்டுப்பாடு தளர்ந்தது. டோக்கியோவின் மீடியா ஃபேக்டரி நிறுவனம் 2004 டிசம்பரில் வழக்கறிஞர்கள் மூலம் ரசிகர் குழுக்களுக்குக் கடிதம் அனுப்பி, தன் தொடர்களை வெளிநாட்டு உரிமம் விற்கப்பட்டதா இல்லையா என்ற வேறுபாடின்றி முற்றாகக் கைவிடும்படி கேட்டுக்கொண்டது. உரிமையாளர் மௌனமாக இருக்கும்வரை அம்மௌனத்தை ஒப்புதலாக வைத்துக்கொண்ட நியாயம் அக்கடிதத்தோடு முடிந்துபோனது. வேண்டாம் என்று அவர் வாய்திறந்து சொன்ன பிறகும் தொடர்ந்தவர்கள் அன்பின் பெயரைச் சொல்லி ஓர் உரிமையை மிதித்தார்கள் என்றே கொள்ள வேண்டும். இன்று அனிமேச் சந்தாவில் முதன்மையாக விளங்கும் க்ரஞ்சிரோல் தளமும் 2006இல் பயனர்கள் ஏற்றிய உரிமமற்ற நகல்களோடுதான் தொடங்கி, 2009 ஜனவரியில் அவற்றை நீக்கிவிட்டு, டிவி டோக்கியோவுடன் ஒப்பந்தம் செய்து நேர்வழிக்கு வந்தது. பின்னாளில் நன்மை விளைந்தது என்பதைக் கொண்டு அந்தத் தொடக்கத்தைத் தூய்மையாக்கிவிட முடியாது. ஆயினும் நேர்வழி ஒன்றை அமைத்துக் கொடுத்தால் பெருங்கூட்டம் கட்டணம் செலுத்தி அவ்வழியில் வரும் என்பதை அது மெய்ப்பித்தது.

கதவு அடைபட்டிருந்ததற்குப் படைப்பாளரும் ரசிகரும் அல்லாத மூன்றாமவரின் சச்சரவே காரணமாக இருந்த கதை மேக்ராஸுடையது. 1982இல் ஒளிபரப்பான அத்தொடரின் வெளிநாட்டு உரிமையைத் தாட்சுனோகோ நிறுவனத்திடமிருந்து பெற்ற அமெரிக்காவின் ஹார்மனி கோல்டு, அதை வேறு இரு தொடர்களோடு இணைத்து 1985இல் ‘ரோபோடெக்’ என்ற பெயரில் வெளியிட்டது. மூல உரிமை கொண்டாடிய பிக்வெஸ்ட் நிறுவனத்துக்கும் இவர்களுக்கும் இடையே மூண்ட வழக்குகளும் வணிகப்பெயர்ப் பூசலும் நீண்டுகொண்டே போனதால், 2008இல் வந்த ‘மேக்ராஸ் ஃபிராண்டியர்’ உள்ளிட்ட பிற்காலத் தொடர்கள் பல ஆண்டுகள் ஜப்பானுக்கு வெளியே முறையாக வெளியிடப்படவில்லை. 2021 ஏப்ரலில் இரு தரப்பும் உடன்பாட்டுக்கு வந்தன. இடைப்பட்ட காலத்தில் ரசிகர் நகலைப் பார்த்த ஓர் அயல்நாட்டு மாணவர், தம் நாட்டில் விற்பனைக்கே வராத ஒன்றை வாங்காமல் விட்டதால் யாருடைய வருவாயைப் பறித்தார்? எவருடையதையும் அன்று. அவரைத் திருடர் என்று அழைப்பது அந்தச் சொல்லின் கனத்தைக் குறைப்பதாகும். ஆயினும் பார்த்த இன்பத்துக்கு அவர் ஒன்றும் தரவில்லை என்ற நிலை மாறவில்லை. அது குற்றமாக அன்றி, கொடுக்கும் வாய்ப்பு வரும் நாள்வரை நிலுவையில் நிற்கும் கடனாக அவர் கணக்கில் இருக்கிறது.

அடைபட்ட கதவுகள் எல்லாம் ஒரே காரணத்தால் அடைபட்டவை அல்ல என்பதையும் இங்கே கருத வேண்டும். டோக்கியோ பெருநகரப் பகுதியிலுள்ள மிடாகாவில் 2001இல் திறக்கப்பட்ட, கிப்லி கலைக்கூடத்தின் அருங்காட்சியகத்தில், அங்கே காட்டுவதற்கென்றே எடுக்கப்பட்ட குறும்படங்கள் திரையிடப்படுகின்றன. அவை வட்டிலும் இல்லை, இணையத்திலும் இல்லை. இந்த மறுப்பு அசட்டையால் நேர்ந்ததன்று. நேரில் வந்து காணும் அனுபவமாகவே அப்படம் இருக்க வேண்டும் என்று விரும்பியவர்களின் தேர்வு அது. அத்தகைய படத்தை ஒளிந்து பதிவுசெய்து பரப்புவதை, மேக்ராஸின் ரசிகர் நகலோடு ஒரே தட்டில் வைத்து நிறுக்க முடியாது. இதே கிப்லியின் முழுநீளப் படங்கள் 2020 பிப்ரவரியிலிருந்து ஜப்பான், அமெரிக்கா, கனடா நீங்கலான நாடுகளில் நெட்ஃபிளிக்ஸில் கிடைக்கத் தொடங்கின என்பதும், அந்த ஏற்பாட்டில் சொந்த நாட்டவரே விடுபட்டனர் என்பதும் உரிமங்களின் எல்லைக்கோடு எவ்வளவு விந்தையாக வளையக்கூடியது என்பதைக் காட்டும்.

கடமை ரசிகருக்கு மட்டும் உரியது என்று எண்ணிவிடுவதும் தவறு. வட்டுகள் ‘வட்டாரக் குறியீடு’ என்னும் பூட்டோடு விற்கப்படுகின்றன. ஜப்பானிய டிவிடி இரண்டாம் வட்டாரத்தையும், இந்தியாவில் விற்கும் கருவிகள் ஐந்தாம் வட்டாரத்தையும் சேர்ந்தவை என்பதால், முழு விலை கொடுத்து முறையாக வரவழைத்தவரும் தம் வீட்டுக் கருவியில் அதை ஓடவிட இயலாமல் போகிறது. இரண்டு மூன்று பகுதிகள் மட்டும் கொண்ட ஜப்பானிய வட்டொன்று ஆறாயிரம் யென்னுக்கு மேல் விற்கிறது; சப்டைட்டில் பெரும்பாலும் இருப்பதில்லை. நேர்மையானவருக்கே தண்டனை கிடைக்கும் இந்த அமைப்பில், தாம் வாங்கிய வட்டை ஓட்டுவதற்காக மட்டும் பூட்டை நீக்கும் ஒருவரிடம் அறக்குற்றம் காண்பது கடினம். படைப்பாளருக்குரியது முன்பே செலுத்தப்பட்டுவிட்டது. மாண்டராகே போன்ற பழம்பொருள் கடைகளிலிருந்து வாங்குவதும் அத்தகையதே. அமெரிக்காவின் ஃபனிமேஷன் சேவை 2024 ஏப்ரல் 2 அன்று மூடப்பட்டபோது, வட்டோடு சேர்த்து வழங்கப்பட்ட மின்நகல்கள் க்ரஞ்சிரோல் தளத்துக்கு மாற்றப்படாமல் வாங்கியவர் கணக்கிலிருந்து மறைந்தன. விற்ற பொருளை விற்றவரே திரும்ப எடுத்துக்கொள்ளும் இடத்தில், திருட்டு நகலைக் கண்டிக்கும் தொழில்துறையின் குரல் வலுவிழக்கிறது.

அந்தக் குரல் வலுவிழப்பதால் ரசிகரின் பொறுப்பு குறைந்துவிடுவதில்லை. தெற்காசியாவைப் பொறுத்தவரை அது முன்னெப்போதையும்விடக் கூடியிருக்கிறது. க்ரஞ்சிரோல் 2022இல் இந்தியாவுக்கான கட்டணத்தை மாதம் 79 ரூபாயாகக் குறைத்தது. ‘சோலோ லெவலிங்’ போன்ற தொடர்களைத் தமிழ் டப்பிங்கோடு தருகிறது. மியூஸ் ஏஷியா, அனி-ஒன் ஏஷியா ஆகிய யூடியூப் அலைவரிசைகள் உரிமம் பெற்ற தொடர்கள் பலவற்றை விளம்பரத்தோடு கட்டணமின்றியே காட்டுகின்றன. சூதாட்ட விளம்பரங்களால் பிழைத்து, யாருக்கும் ஒரு யென்னும் அனுப்பாத தளங்களில் அதே தொடர்களைப் பார்ப்பவர், பழைய ஒளிநாடா ரசிகரின் வறுமையைத் தமக்கு அரணாகக் காட்ட முடியாது. அந்த ரசிகர் வழியில்லாமல் சென்றார்; இவர் வழியைக் கடந்து செல்கிறார்.

இன்னும் கிடைக்காத படைப்புகளுக்கோ, நகலைத் தேடுவதற்கு முன் செய்யத்தக்கது ஒன்று உண்டு: உரிமம் வைத்திருப்போரிடமும் விநியோகஸ்தரிடமும் கேட்பது. இயக்குநர் மகோட்டோ ஷின்காயின் ‘வெதரிங் வித் யூ’ படத்தை இந்தியாவில் திரையிடுமாறு பல்லாயிரம் ரசிகர்கள் கையெழுத்திட்டு வேண்டினர். 2019 அக்டோபரில் அது இந்தியத் திரையரங்குகளுக்கு வந்தது, அவர்கள் சீட்டு வாங்கிப் பார்த்தனர்.